பாலி நூற்கழகமும் தமிழர் மறந்த பௌத்த ஏடுகளும்



சமய ஆய்வுக்கெனத் தோன்றிய ஓர் அறிஞர் கழகத்தின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது 1881ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிறுவப்பெற்ற பாலி நூற்கழகம். பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து எடுத்து, ஒப்புநோக்கி, அச்சில் ஏற்றுவதே அதன் பணி. தமிழ் வளர்ச்சிக்கான சொற்பொழிவு வரிசையில் அக்கழகத்திற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடை கும்பகோணத்திலிருந்து தொடங்குகிறது. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

குடந்தையில் ஒரு வாசிப்பு

உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அங்கிருந்தபோதுதான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அது சமண காப்பியம். அதில் வரும் சமயக் கொள்கைகள் விளங்காத இடங்களில் அவர் கேட்டறிவதற்கு அவ்வூரிலேயே சமணர்கள் வாழ்ந்தனர். தம் சமய நூல்களை முறையாகக் கற்ற அவர்கள், சைவராகிய அவருடைய ஐயங்களை மகிழ்வோடு தீர்த்து வைத்தனர்.

மணிமேகலையை எடுத்தபோது நிலைமை வேறாக இருந்தது. அதன் மூலத்தைத் திருமயிலை சண்முகம் பிள்ளை 1894இல் அச்சிட்டிருந்தார். ஆயினும் அந்நூலுக்குப் பழைய உரை ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டுத் தெளிவதற்குத் தமிழ்நாட்டில் அச்சமய மரபை வழிவழியாகக் கற்ற பௌத்தரும் இல்லை. பல நூற்றாண்டுகள் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒரு சமயம், தன் சொற்களுக்குப் பொருள் சொல்ல ஒருவரையும் விட்டுவைக்காமல் மறைந்திருந்தது.

அந்நிலையில் துணைநின்றவர் அக்கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார். ஐயர் ஆங்கிலம் அறியாதவர். ஆகவே, மாக்ஸ்முல்லர், மானியர் வில்லியம்ஸ், ஓல்டன்பர்க், ரைஸ் டேவிட்ஸ் முதலிய மேனாட்டறிஞர்கள் பௌத்தம் பற்றி எழுதிய நூல்களை ஐயர் தம் பொருள் கொடுத்து வாங்க, ரங்காசாரியார் அவற்றைப் படித்துப் பொருள் கூறினார். அவ்வாறு கேட்டுத் தெளிந்தே ஐயர் 1898இல் தம் குறிப்புரையோடு மணிமேகலையை வெளியிட்டார். புத்தர், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளின் வரலாற்றையும் தமிழில் எழுதிச் சேர்த்தார்.

அந்த வாசிப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நூலாசிரியர்கள் மேனாட்டார்; படித்துக் காட்டியவர் வைணவர்; கேட்டவர் சைவர்; துலங்கியதோ பௌத்த காப்பியம். படிக்கப்பட்ட நூல்களின் ஆசிரியருள் ஒருவராகிய ரைஸ் டேவிட்ஸே பாலி நூற்கழகத்தின் நிறுவனர்.

வழக்கு மன்றத்திலிருந்து விகாரைக்கு

தாமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ் 1843இல் இங்கிலாந்தில் கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஜெர்மனியில் சமற்கிருதம் கற்று, 1860களில் இலங்கை ஆட்சிப்பணியில் சேர்ந்தார். அவர் நீதிபதியாக இருந்தபோது பௌத்த சமயம் சார்ந்த வழக்கொன்றில் ஓர் ஆவணம் சான்றாக வந்தது என்றும், அது எழுதப்பட்டிருந்த பாலி மொழியை மன்றத்தில் இருந்தவர் எவரும் அறிந்திலர் என்றும், அதுவே அவரைப் பாலி கற்கத் தூண்டியது என்றும் கூறுவர்.

அவருக்குப் பாலி கற்பித்தவர் யாத்திராமுல்லை தம்மாராமர் என்னும் இலங்கைத் தேரர். அதே தேரரிடம் பயின்ற மற்றோர் ஆட்சிப்பணியாளரான இராபர்ட் சீசர் சில்டர்ஸ், 1875இல் பாலி அகராதி ஒன்றை முடித்து, அடுத்த ஆண்டே மறைந்தார். இலண்டனில் பாலிக் கல்விக்கு அடித்தளமிட்ட இருவரும் ஒரே தேரரின் மாணாக்கர் என்பது கருதத்தக்கது.

ரைஸ் டேவிட்ஸின் ஆட்சிப்பணி நன்கு முடியவில்லை. மேலதிகாரியுடன் ஏற்பட்ட பிணக்கும், அபராதம் விதித்ததில் முறைகேடு என்னும் குற்றச்சாட்டும் சேர்ந்து அவரைப் பணியிலிருந்து நீக்கின. 1870களில் தாயகம் திரும்பிய அவர் சட்டம் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் பாலியையே நாடிற்று. 1881இல் பௌத்தம் குறித்து ஹிபர்ட் சொற்பொழிவுகள் ஆற்ற அவர் அழைக்கப்பெற்றபோது, பாலி நூல்களை வெளியிடுவதற்கென ஒரு கழகம் அமைவதை அந்த மேடையிலேயே அறிவித்தார்.

ஒரு கினி சந்தாவும் ஓர் ஆண்டேடும்

கழகத்திற்கு மாளிகை இல்லை. அரசின் மானியமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு கினி, அஃதாவது 21 ஷில்லிங், சந்தா செலுத்துவோர்க்கு அவ்வாண்டில் அச்சாகும் நூல்கள் அனுப்பப்படும். இதுவே அதன் பொருளியல்.

இம்முயற்சிக்கு முதலில் கைகொடுத்தவர்களுள் இலங்கைத் தேரர்கள் பலர் இருந்தனர். காலி நகரைச் சேர்ந்த முதலியார் எட்மண்ட் ரோலண்ட் குணரத்ன அங்கிருந்து சந்தாதாரர்களைத் திரட்டினார்; சுவடிகளைத் தேடி அனுப்பவும் உதவினார். தம் விகாரைகளில் ஓலையில் இருந்த நூல்கள் அயல்நாட்டில் அயல் எழுத்தில் அச்சாவதற்குத் தேரர்களே பொருள் தந்தனர். மேனாட்டார் நம்மவர் அறிவைத் தாமே கண்டெடுத்தனர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கண்டெடுக்கும் அளவிற்கு அவை காணாமற்போகவில்லை. ஓதியும் படியெடுத்தும் காத்தவர் கைகளிலிருந்தே அவை வந்தன.

1882 முதல் கழகத்தின் ஆண்டேடு வெளிவரலாயிற்று. செயற்பாட்டறிக்கை, சந்தாதாரர் பட்டியல், இலங்கையிலிருந்து வந்த கடிதங்கள், எந்த நூலகத்தில் எந்தச் சுவடி உள்ளது என்னும் விவரம், சிறு நூல்களின் மூலம் எனப் பலவும் அதில் இடம்பெற்றன. இவை அன்றைய உறுப்பினர்க்கு வெறும் சங்கச் செய்திகளே. வரலாற்று மாணவனுக்கோ அவையே முதன்மைச் சான்றுகள். எவர் பொருள் தந்தார், எவர் சுவடி தந்தார், எவர் உழைத்தார் என்று இன்று நாம் கூற முடிவது அச்செய்திகள் பதிவு செய்யப்பட்டமையால்தான்.

பாலிக்கென்று தனி எழுத்து இல்லை. இலங்கையில் சிங்கள எழுத்திலும், பர்மாவில் பர்மிய எழுத்திலும், சயாமில் கெமர் எழுத்திலும் அது எழுதப்பட்டு வந்தது. கழகம் உரோமன் எழுத்தைக் குறியீடுகளுடன் பயன்படுத்தியது. நாடுதோறும் வேறுபட்ட எழுத்தில் கிடந்த பாடங்களை ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுக் காட்ட அது வழிசெய்தது.

நிகாயங்கள் எனப்படும் தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சம்யுத்த நிகாயத்தைப் பிரெஞ்சு அறிஞர் லியோன் ஃபேர் 1884 முதல் 1898 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். மஜ்ஜிம நிகாயத்தின் முதற்றொகுதியை டென்மார்க் நாட்டவரான டிரெங்க்னர் 1888இல் தந்தார். அங்குத்தர நிகாயத்தை இங்கிலாந்தின் இரிச்சர்டு மோரிஸ் தொடங்க, ஜெர்மானியராகிய எட்மண்ட் ஹார்டி முடித்தார். தீக நிகாயத்தில் ரைஸ் டேவிட்ஸுடன் உழைத்த எஸ்ட்லின் கார்ப்பென்டர் கிறித்தவச் சமயப் பணியாளர். பிற்காலத்தில் விசுத்திமக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த பர்மிய அறிஞர் பே மவுங் டின் என்பவரும் கிறித்தவரே. தம் சமயம் அன்று என்பதால் அவர்கள் உழைப்பில் குறைவைக்கவில்லை.

தமிழ் நிலத்து ஆசிரியர்கள்

இனி நம் கதைக்கு வருவோம். பாலி நூல்கள் அச்சாகியபோது புத்தரின் உரைகளோடு அவற்றிற்கு எழுந்த உரைநூல்களும் வெளிவந்தன. அவ்வுரையாசிரியருள் பலர் தமிழ் நிலத்தோடு தொடர்புடையவர்.

உரையாசிரியருள் தலையாயவரான புத்தகோசர், அங்குத்தர நிகாய உரையின் முடிவில், காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்முடன் வாழ்ந்த சோதிபாலர் வேண்டியதால் அவ்வுரையை எழுதியதாகக் குறிப்பிடுகிறார். புத்ததத்தர் என்னும் ஆசிரியர் சோழநாட்டினர். அபிதம்மாவதாரம் என்னும் நூலைக் காவிரிப்பட்டினத்து விகாரையிலும், விநயவினிச்சயம் என்னும் நூலைக் காவிரிக் கரையிலிருந்த பூதமங்கலத்து விகாரையிலும் இருந்து எழுதியதாக அவரே கூறுகிறார். மாதவியின் மகள் துறவு பூண்டதாகக் காப்பியம் பேசும் நாட்டில், துறவியர் இருந்து நூல் எழுதிய விகாரைகளை அந்நூல்களே நமக்குக் காட்டுகின்றன.

இதனினும் ஒரு படி மேலான செய்தி உண்டு. விநயவினிச்சயத்தின் முடிவுரை, களம்ப குலத்து அச்சுத விக்கந்தன் என்னும் மன்னன் ஆட்சியில் அந்நூல் எழுதப்பெற்றது என்று சொல்கிறது. இம்மன்னனைக் களப்பிரர் குலத்தவனாகக் கொள்வர் வரலாற்றாசிரியர். சான்றுகள் அருகிய களப்பிரர் காலம் தமிழக வரலாற்றில் இருண்ட காலம் என்று பெயர் பெற்றது. அவ்விருளில் ஒரு விளக்கு பாலி நூலொன்றின் கடைசி வரிகளில் இருந்தது. புத்ததத்தரின் நூல்களை அதே பெயருடைய இலங்கைத் தேரர் ஏ. பி. புத்ததத்தர் பதிப்பிக்க, பாலி நூற்கழகம் 1915இலும் 1928இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. 1940இல் மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலில் இவ்வாசிரியர்களின் வரலாற்றைத் தமிழர்க்கு எடுத்துரைத்தார்.

குண்டலகேசியின் நிலையும் இத்தகையதே. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அதில் இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. கதைத்தலைவி யார் என்பதை நீலகேசியின் உரை நமக்குச் சொல்கிறது. பாலியிலோ அவள் வரலாறு தனியே நின்று நிலவுகிறது. பௌத்தத் துறவியரான பெண்பாலர் பாடிய தேரிகாதைக்குத் தம்மபாலர் எழுதிய உரையில் பத்தா குண்டலகேசா என்னும் தேரியின் கதை வருகிறது. கள்வன் ஒருவனை விரும்பி மணந்து, தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற அவனைத் தானே தள்ளிவிட்டு, பின் நாவற்கிளையை நட்டு ஊர்தோறும் வாதம் புரிந்து, இறுதியில் சாரிபுத்தரிடம் தோற்றுத் துறவேற்றவள் அவள். அவ்வுரையை எட்வர்ட் முல்லர் பதிப்பிக்க, கழகம் 1893இல் வெளியிட்டது. உரை வகுத்த தம்மபாலரும் தென்னிந்தியத் துறவி என்பதே மரபு. தமிழில் காப்பியம் அழிந்தது. அதன் கதை அண்டை மொழியில் பிழைத்திருந்தது.

வகுப்பறையிலும் இத்தொடர்பைக் காட்டலாம். மணிமேகலையின் இறுதிக் காதை பன்னிரு நிதானங்களைக் கூறுகிறது. அங்கு வரும் பேதைமை பாலியில் அவிஜ்ஜா; செய்கை சங்காரம்; அருவுரு நாமரூபம்; ஊறு பஸ்ஸம்; வேட்கை தண்ஹா. சாத்தனார் பிறமொழிச் சொற்களை அப்படியே எடுத்து வைக்கவில்லை. கடினமான தத்துவக் கருத்துக்குத் தூய தமிழ்ச் சொல்லை ஆக்கியிருக்கிறார். மூலச்சொல்லை அறிந்தால்தான் அவர் ஆக்கத்தின் திறம் விளங்கும். ஆயினும் பாலி மட்டுமே போதும் என்று கருதிவிடலாகாது. அதற்கு முந்தைய காதையில் வரும் அளவையியல், வடமொழிப் பௌத்தத் தருக்க நூல்களோடு நெருங்கியது. ஒரு காப்பியத்தை விளக்க ஒரு மொழி போதாது என்பதற்கு மணிமேகலையே சான்று.

அகராதியும் போரும்

சில்டர்ஸின் அகராதி எழுந்த காலத்தில் பெரும்பாலான பாலி நூல்கள் அச்சேறவில்லை. எனவே விரிவான புதிய அகராதி ஒன்றைப் பல நாட்டறிஞர் ஒருங்கே கூடி உருவாக்க வேண்டும் என்று ரைஸ் டேவிட்ஸ் திட்டமிட்டார். 1914இல் மூண்ட முதல் உலகப்போர் அத்திட்டத்தைச் சிதைத்தது. ஒன்றாக இருந்து உழைக்க வேண்டிய அறிஞர்கள் எதிரி நாட்டினர் ஆயினர். 1917இல் ரைஸ் டேவிட்ஸின் மகன் ஆர்தர் வான்படை வீரராகப் போரில் உயிர் துறந்தார்.

எனினும் பணி நிற்கவில்லை. முதுமையும் நோயும் வாட்டிய நிலையில், வில்லியம் ஸ்டீட் என்னும் அறிஞரோடு இணைந்து அவர் அகராதியைத் தொடங்கினார். ஸ்டீட் பிறந்த நாடு ஜெர்மனி. முதற்பகுதி 1921இல் வெளிவந்தது. 1922இல் ரைஸ் டேவிட்ஸ் மறைந்தார். ஸ்டீட் 1925இல் அதனை நிறைவு செய்தார். முழுமையான அகராதி வரும்வரை இது ஒரு முன்முயற்சியே என்று அதன் முன்னுரை அடக்கத்தோடு சொல்லிற்று. அந்த முன்முயற்சியை இன்றளவும் மாணவர்கள் பயன்படுத்தி வருகின்றனர்.

அவருக்குப் பின் அவர் மனைவி கரோலின் 1942 வரை தலைமையேற்றார். அபிதம்ம நூல்களை ஆங்கிலம் அறிந்தோர்க்கு அறிமுகம் செய்தவர் அவரே. அதில் அவருக்குப் பர்மிய அறிஞர் ஷ்வே ஜான் அவுங் துணையாயிருந்தார். பின்னர் ஐசலின் ஹார்னர் செயலாளராகவும், 1959 முதல் 1981இல் மறையும்வரை தலைவராகவும் இருந்து, விநய பிடகத்தை ஆறு தொகுதிகளில் மொழிபெயர்த்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் முழுதும் திறவாத காலத்தில் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இக்கழகத்தைத் தாங்கியவர்கள் இவ்விரு பெண்மணிகளே.

நிறையும் குறையும்

வரலாறு புகழ்மாலை ஆகிவிடக் கூடாது. குறைகளையும் கூறியாக வேண்டும்.

முதலாவது, அக்கால அறிஞர் பலர் பழைய ஏட்டில் உள்ளதே உண்மைப் பௌத்தம் என்றும், கோயிலிலும் இல்லத்திலும் மக்கள் பின்பற்றுவது அதன் தேய்வு என்றும் கருதினர். ஏட்டை ஓதிக் காத்தவரும் அம்மக்களே என்பது மறந்துபோயிற்று. கரோலின் தம் பிற்காலத்தில், புத்தரின் உண்மைப் போதனையைத் துறவியர் மாற்றிவிட்டனர் என்னும் தம் கருத்தை மொழிபெயர்ப்புகளிலும் முன்னுரைகளிலும் புகுத்தினார். அதனை ஏற்காதோர் பலர்.

இரண்டாவது, நூலறிவு மக்களை அறியும் அறிவாக எப்போதும் மாறுவதில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் எஞ்சிய தொகுதிகளைப் பதிப்பித்த இராபர்ட் சால்மர்ஸ் 1913இல் இலங்கையின் ஆளுநரானார். புத்தரின் உரைகளைப் பதிப்பித்த ஒருவரே பௌத்த நாட்டை ஆள வந்தார். அவர் ஆட்சியில்தான் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்கப் படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சிங்கள பௌத்தத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். அந்த அடக்குமுறையை எதிர்த்துச் சட்டசபையில் முழங்கி, போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று அவர்களுக்காக வாதாடியவர் சைவத் தமிழரான பொன்னம்பலம் இராமநாதன். பாலி கற்ற ஆளுநர் செய்யத் தவறியதைப் பிற சமயத்தவராகிய தமிழர் ஒருவர் செய்தார். சமயத்தை ஆராய்தல் வேறு. அச்சமயத்தாரின் துயரை உணர்தல் வேறு. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால்தான் சமய ஆய்வு நிறைவடையும்.

நமக்குரிய கடன்

பாலி நூற்கழகம் இன்றும் இயங்குகிறது. அதன் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு என்பேன்.

ஒன்று, ஒரு மொழியின் செல்வம் அம்மொழியாரிடம் மட்டுமே இருப்பதில்லை. புத்ததத்தரைத் தமிழர் மறந்தனர், சிங்களரும் பர்மியரும் படியெடுத்துக் காத்தனர், இலண்டனில் அச்சிட்டனர். பிறர் காத்துத் தந்ததைக் கொண்டே நம் காப்பியத்தை நாம் விளங்கிக்கொண்டோம். ஆகவே, அயல் மொழியையும் அயல் சமயத்தையும் கற்பது தமிழ்ப்பற்றுக்கு மாறானதன்று. தமிழை ஆழ்ந்து கற்பவர் ஒருநாள் அவற்றின் வாயிலில் போய் நின்றே ஆகவேண்டும்.

மற்றொன்று நம் நாட்டிற்கே உரியது. இந்நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழர்கள் கோயில்களையும் சமயச் சங்கங்களையும் படிப்பகங்களையும் நடத்தி வந்துள்ளனர். அவற்றின் கூட்டக் குறிப்பேடுகள், நன்கொடைப் பட்டியல்கள், குடமுழுக்கு மலர்கள், ஆண்டறிக்கைகள் பல வீடுகளின் பெட்டிகளிலும் அலுவலக அலமாரிகளிலும் கிடக்கின்றன. இவை வெறும் சங்கச் செய்திகள் என்று எண்ணிக் கழித்துவிடுகிறோம். 1882ஆம் ஆண்டின் ஏட்டில் அச்சான சந்தாதாரர் பட்டியலும் அன்று அத்தகையதே. அதுவே இன்று இலங்கைத் தேரர்களின் பங்கிற்குச் சான்றாக நிற்கிறது.

ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை அருகிலுள்ள ஒரு கோயிலுக்கோ சங்கத்திற்கோ அனுப்பி, அங்குள்ள மிகப் பழைய ஏடு எது என்று கேட்டுவரச் செய்யுங்கள். அது எந்தச் சமயத்தாரின் ஏடாயினும் ஆகுக. அதைப் படியெடுத்து, ஆண்டும் பெயரும் பிழையின்றிக் குறித்து வைக்கட்டும். சாமிநாதையர் மணிமேகலையை விரித்து வைத்துக்கொண்டு பொருள் கேட்க ஆளின்றி நின்ற நிலை, நாளை நம் வரலாற்றை எழுத வருவோர்க்கு நேராதிருக்க அதுவே வழி.